மனம் விட்டுக் கேளுங்கள்: ஜூன் 27-ஆ, அக்டோபர் 10-ஆ?

மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து வந்த கடிதங்களை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். விழிப்புணர்வு நாள் நடத்துவதைப் பற்றிக் கேட்டவர்களும் சரி, வீட்டுக்குள் நடப்பதைச் சொல்லி வழி கேட்டவர்களும் சரி, ஏறக்குறைய ஒரே விஷயத்தைத்தான் சுற்றி வந்திருக்கிறார்கள். பெயர்களைப் போடவில்லை. ஊரில் ஆள் இன்னாரென்று தெரிந்துவிடக்கூடிய விவரங்களையும் எடுத்துவிட்டோம்.

கேள்வி: எங்கள் தோட்டத்துக் கோயில் கமிட்டியில் இந்த வருஷம் ஒரு மனநல விழிப்புணர்வு நாள் வைக்கலாம் என்று முடிவு. தேதியில்தான் சண்டை. ஒருவர் ஜூன் 27 என்கிறார், ஒருவர் செப்டம்பர் 10 என்கிறார், தலைவர் அக்டோபர் 10 என்கிறார். எது சரி?
*கமிட்டிச் செயலாளர்*

மூன்று பேர் சொல்வதும் சரிதான் ஐயா. ஒவ்வொரு தேதியும் ஒவ்வொரு காரியத்துக்கு ஏற்பட்டது.

அக்டோபர் 10 உலக மனநல நாள். இதை உலக மனநலக் கூட்டமைப்பு 1992-இல் தொடங்கிவைத்தது. 1994 முதல் ஆண்டுக்கு ஒரு கருப்பொருள் வைக்கிறார்கள். 2024-இல் வேலையிடத்து மனநலம். 2025-இல் பேரிடர், அவசர காலங்களில் மனநலச் சேவை மக்களுக்குக் கிடைப்பது. செப்டம்பர் 10 உலகத் தற்கொலைத் தடுப்பு நாள், 2003-இலிருந்து நடக்கிறது.

ஜூன் 27 அமெரிக்காவில் ஏற்பட்ட விழிப்புணர்வு நாள். ஜோ பீல் என்பவர் வட டகோட்டா மாநிலத் தேசியக் காவல் படையைச் சேர்ந்தவர். ஈராக்குக்கு இரண்டு முறை போய்த் திரும்பியவர். 2007-இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவருடைய பிறந்த நாளான ஜூன் 27-ஐ, பி.டி.எஸ்.டி. விழிப்புணர்வு நாளாக அமெரிக்க செனட் 2010-இல் அறிவித்தது. 2014-இல் ஜூன் மாதம் முழுவதையுமே அதற்கென ஒதுக்கினார்கள். பி.டி.எஸ்.டி. என்பது பெரிய அதிர்ச்சிக்குப் பின் மனத்தில் தங்கிவிடும் கோளாறு. கிளினிக்கில் இந்த நான்கு எழுத்தைச் சொன்னாலே புரிந்துகொள்வார்கள்.

உங்களுக்கு எங்கள் யோசனை அக்டோபர். ஜூன் 27 வைத்தால் மேடையில் ஈராக், சிப்பாய், துப்பாக்கி என்று பேச்சு போகும். கேட்பவர், 'இது வெள்ளைக்காரச் சிப்பாய்க்கு வருகிற வியாதி, நமக்கில்லை' என்று நினைத்து எழுந்து போவார். தோட்டத்தில் இது வருவது மோட்டார் சைக்கிள் விபத்தில், மரம் விழுந்ததில், வீட்டுக்குள் விழுகிற அடியில், பாலியல் கொடுமையில். இரண்டாவது காரணம், அக்டோபரில் அரசு சுகாதாரத் துறையே இந்தப் பேச்சில் இருக்கும், ஆள் கேட்டால் கிடைப்பார்கள். உங்கள் பகுதி கோலகங்சார் மாவட்டத்தில் அடங்கும் என்பதால் மாவட்ட சுகாதார அலுவலகத்துக்கு மலாயில் ஒரு பக்கக் கடிதம், இரண்டு மாதம் முன்னதாகவே கொடுத்துவிடுங்கள். எத்தனை பேர், எத்தனை மணி, தனி அறை உண்டா, தமிழ் தெரிந்த ஊழியர் தேவை: இந்த நான்கும் கடிதத்தில் இருக்க வேண்டும். நான்காவதைப் பலரும் எழுத மறக்கிறார்கள்.

அக்டோபர் 10 வார நாளில் விழுந்தால் அதை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கைக்கு வந்துவிட வேண்டும் என்பது சட்டம். அதனால் அந்த ஞாயிறு சம்பளம் போட்ட ஞாயிறாக இருக்க வாய்ப்பு அதிகம். காலையிலேயே முடித்துவிடுங்கள். மத்தியானத்துக்கு மேல் பாதிப் பேர் பட்டணத்துக்குக் கிளம்பிவிடுவார்கள்.

கேள்வி: ரிப்பன் பச்சையா, நீலமா? துணி வாங்கப் போகிறேன்.
*மகளிர் பிரிவு*

பொதுவாக மனநலத்துக்குப் பச்சை. பி.டி.எஸ்.டி.க்கு என்று தனியாகக் குத்துவது மயில்கழுத்து நிறம். அக்டோபர் நிகழ்ச்சிக்குப் பச்சையே வாங்குங்கள் அம்மா. ஐம்பது பேருக்கு 15 செண்டிமீட்டர் துண்டாக ஏழரை மீட்டர் பிடிக்கும். வெட்டும்போது கொஞ்சம் வீணாகும், எட்டு மீட்டராக வாங்கிவிடுங்கள்.

கேள்வி: பக்கத்துத் தோட்டத்தில் போன வருஷம் இப்படி ஒரு நாள் நடத்தினார்கள். பேச்சு, அதிர்ஷ்டக் குலுக்கல், மதியச் சாப்பாடு எல்லாம் அமர்க்களம். ஆனால் அதற்குப் பிறகு கிளினிக் பக்கம் ஒரு ஆள் போகவில்லை. நாங்கள் அப்படி ஆகாமல் நடத்துவது எப்படி?
*இளைஞர் மன்றப் பொறுப்பாளர்*

பேச்சு முடிந்ததும் சாப்பாடு, சாப்பாடு முடிந்ததும் வீடு. நடுவில் 'எனக்கும் இது இருக்குமோ' என்று ஒருவருக்குப் பொறி தட்டினால் அவர் யாரிடம் போவார், எங்கே நின்று கேட்பார், கேட்பதை யார் பார்ப்பார்கள்? இதற்கு இடம் வைக்காததுதான் அங்கே நடந்த குறை. மேடைக்குச் செலவழிக்கிற மூளையைப் பின்னறைக்குச் செலவழியுங்கள் தம்பி.

ஐம்பது பேருக்கு இரண்டு மணி நேரம் போதும். பேச்சு இருபது நிமிடம், அதற்கு மேல் யார் வந்தாலும் மைக் கொடுக்காதீர்கள். அடுத்த இருபது நிமிடம் கேள்விகளுக்கு. கேள்வியை வாயால் கேட்கச் சொல்லக் கூடாது, துண்டுச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். எல்லோர் கையிலும் சீட்டும் பென்சிலும் கொடுத்து, கேள்வி இல்லாதவர்கள் 'கேள்வி இல்லை' என்றாவது எழுதிப் போடச் சொல்லுங்கள். எழுதுகிறவர் நான்கே பேர் என்றால் அந்த நான்கு பேரையும் மண்டபமே திரும்பிப் பார்க்கும். ஐம்பது பேரும் எழுதினால் யாரும் யாரையும் பார்க்க மாட்டார்கள்.

மீதி நேரம் பரிசோதனைக்கு. மனநலத்துக்கென்று தனி மேசை போட்டு மேலே பேனர் கட்டினால் அங்கே ஈ மட்டும்தான் உட்காரும். இரத்த அழுத்தம், சர்க்கரை, எடை பார்க்கிற மேசைகளின் வரிசையிலேயே அதையும் நான்காவதாக வையுங்கள். வரிசையில் நிற்பவர் பிரஷர் பார்க்கப் போகிறார் என்றே ஊர் நினைத்துக்கொள்ளட்டும்.

அந்த மேசையில் பெரும்பாலும் டாஸ்-21 என்ற படிவம் கொடுப்பார்கள். கடந்த ஒரு வாரத்தைப் பற்றி 21 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். மனச்சோர்வு, பதற்றம், அழுத்தம் என மூன்றுக்கும் ஏழேழு வாக்கியம். ஒவ்வோர் ஏழின் கூட்டுத்தொகையையும் இரண்டால் பெருக்குவார்கள். மொத்தம் பத்து நிமிட வேலை. தமிழ்ப் படிவமும் உண்டு, முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: இந்தத் தாள் யாருக்கும் நோய்ப் பெயர் சூட்டாது, 'டாக்டரைப் பாருங்கள், பார்க்க வேண்டாம்' என்று பிரித்துக் காட்டும், அவ்வளவுதான். மேலும் இது பழைய அதிர்ச்சியைப் பற்றிக் கேட்பதில்லை. பி.டி.எஸ்.டி.க்கு ஐந்தே கேள்விகள் உள்ள வேறொரு படிவம் இருக்கிறது. பயங்கரமான ஒன்றைப் பார்த்தவரிடமோ பட்டவரிடமோ கடந்த ஒரு மாதத்தைப் பற்றிக் கேட்பது. கெட்ட கனவு வந்ததா, வேண்டாம் என்றாலும் அந்த நினைவு வந்ததா? அதை நினைக்காமலிருக்க முயன்றீர்களா, நினைவூட்டும் இடத்தைத் தவிர்த்தீர்களா? எப்போதும் உஷாராக, சிறு சத்தத்துக்கும் திடுக்கிடுகிறீர்களா? மனம் மரத்துப்போய், மனிதர்களிடமிருந்து விலகினாற்போல இருக்கிறதா? நடந்ததற்கு உங்களையோ பிறரையோ குற்றம் சொல்லிக்கொண்டே இருக்கிறீர்களா? மூன்றுக்கு மேல் 'ஆம்' வந்தால் டாக்டரைப் பார்ப்பது நல்லது, சிலர் மூன்றிலேயே அனுப்பிவிடுவார்கள்.

நிரப்பிய படிவம் கிளினிக் ஊழியர் கையைவிட்டு வேறெங்கும் போகக் கூடாது. கமிட்டியில் ஒருவர் 'கணக்குக்கு' என்று படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போட்டார் என்றால் அந்தத் தோட்டத்தில் இனிப் பத்து வருஷத்துக்கு யாரும் பேனாவைத் தொட மாட்டார்கள்.

பின்னறைக்கு ஒரு கதவு, இரண்டு நாற்காலி போதும். நாற்காலிகளை எதிரெதிரே போடாமல் 'ட' எழுத்துப்போலப் போடுங்கள். அப்போது கண்ணோடு கண் பார்த்தே ஆக வேண்டும் என்கிற நெருக்கடி இருக்காது. பேச வருகிறவருக்குக் கதவு கண்ணில் படுகிற பக்கம் உட்கார இடம் கொடுங்கள். கதவு முதுகுப் பக்கம் இருந்தால் வெளியே கேட்கிற ஒவ்வொரு செருப்புச் சத்தத்துக்கும் திரும்பிப் பார்ப்பார், பேச்சு ஓடாது.

செய்யக்கூடாதவை சில. பாதிக்கப்பட்டவரை மேடையேற்றி 'உங்க கதையைச் சொல்லுங்க' என்று கேட்காதீர்கள். அவருக்கும் நல்லதில்லை, கீழே உட்கார்ந்து அதே நிலையில் இருப்பவருக்கும் நல்லதில்லை. விபத்து நடந்ததும் எல்லோரையும் கூட்டி, ஒரே உட்காரலில் நடந்ததையெல்லாம் கொட்டச் சொல்லும் பழைய முறையை இப்போது பரிந்துரைப்பதில்லை, அது பி.டி.எஸ்.டி.யைத் தடுப்பதில்லை. விபத்துப் படங்கள் வேண்டாம். திறப்பு விழாவுக்குப் பட்டாசும், பலூன் உடைப்பும் வேண்டவே வேண்டாம். பைத்தியம் வேஷம் கட்டிச் சிரிக்க வைக்கும் நாடகத்தை, பிள்ளைகள் நடித்தாலும், அனுமதிக்காதீர்கள். தற்கொலையைப் பற்றிப் பேசலாம், பேச வேண்டும், ஆனால் எப்படிச் செய்தார், எங்கே செய்தார் என்ற விவரம் கூடாது. 'சாகணும்னு தோணுதா?' என்று நேராகக் கேட்டால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடும் என்று பயப்படுகிறார்கள். அப்படி முளைப்பதில்லை. கேட்டபிறகு பலருக்கு மூச்சு விட்டதுபோல இருக்கும். தற்கொலைக்கு முயன்றால் போலீஸ் பிடிக்கும் என்று இன்னமும் சொல்லித் திரிகிறவர்கள் உண்டு. முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டம் 309-ஆம் பிரிவு நீக்கப்பட்டுவிட்டது, 2023 செப்டம்பர் 11 முதல் அது குற்றமில்லை. இதை மைக்கில் இரண்டு முறை சொல்லுங்கள்.

போகும்போது ஒவ்வொருவர் கையிலும் சட்டைப் பையில் அடங்கும் அட்டை ஒன்று. அதில் மூன்று எண்கள்: சுகாதார அமைச்சின் மனநல உதவி எண்ணான ஹீல் 15555, அரசின் பொது உதவி எண்ணான தாலியான் காசே 15999, மனம் விட்டுப் பேசுவதற்கான தொண்டு அமைப்பு பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929. உயிருக்கு ஆபத்து என்றால் 999. அட்டையின் பின்பக்கம் வெற்றாக இருக்கட்டும், கிளினிக் தேதியை எழுதிக்கொள்ள. அடுத்த ஏழு நாளுக்குள் கிளினிக்குக்கு ஒரு வேன் ஏற்பாடு செய்து, 'பிரஷர் மருந்து எடுக்கப் போகிறவர்களும் வரலாம்' என்று சேர்த்து அறிவியுங்கள். பக்கத்துத் தோட்டத்தில் விட்டுப்போனது இந்த வேன்தான்.

கேள்வி: என் வீட்டுக்காரர் செம்பனையில் குலை வெட்டுகிறார். மூன்று மாதத்துக்கு முன் கூட வேலை செய்தவரின் அலுமினியக் கம்பு மின்கம்பியில் பட்டு, அவர் அங்கேயே இறந்துவிட்டார். இவர் பத்தடி தள்ளி நின்றவர், உடம்பில் ஒரு கீறல் இல்லை. இப்போது அந்தப் பக்கத்து வேலைக்குப் போக மறுக்கிறார். ராத்திரி அலறி எழுகிறார். ரைஸ் குக்கர் 'டக்' என்றால்கூடக் குதிக்கிறார். மாமியார் 'செத்தவன் ஆவி அடிச்சிருக்கு' என்று இரண்டு முறை மந்திரிக்க அழைத்துப் போனார்கள். சாயங்காலமானால் குடி. என்ன செய்வது?
*ஒரு சகோதரி*

காயம் இல்லாததால் பாதிப்பும் இல்லை என்று எல்லோரும் நினைக்கிற இடம் இதுதான் சகோதரி. கண்ணெதிரே ஒருவர் சாவதைப் பார்த்தவருக்கும் பி.டி.எஸ்.டி. வரும். முதல் மாதத்தில் இவையெல்லாம் பலருக்கு வந்து தானாகவே தணியும். ஒரு மாதம் தாண்டியும் வேலையும் தூக்கமும் கெட்டுக்கிடந்தால் காத்திருப்பதில் பலனில்லை. உங்களுக்கு மூன்று மாதம் ஆகிவிட்டது.

மாமியாரோடு மல்லுக்கு நிற்காதீர்கள். 'ஆவி இல்லை' என்று வாதாடினால் அவர் கிளினிக்கை எதிரியாக்கிவிடுவார். 'சாமி பாக்குறதை சாமி பாக்கட்டும் அத்தை, தூக்கத்துக்கு டாக்டரையும் பாத்துட்டு வரோம்' என்று சொல்லிவிட்டுப் போங்கள். தாயத்து கையில் இருந்தாலும் மருந்து வேலை செய்யும். மருந்தை நிறுத்தச் சொல்லும் பூசாரி, கட்டிப்போடச் சொல்லும் பூசாரி, அடிக்கச் சொல்லும் பூசாரி, இவர்களிடம் மட்டும் போகாதீர்கள்.

முதலில் போக வேண்டியது அரசாங்கக் கிளினிக், அதாவது கிளினிக் கெசிஹாத்தான். குடிமக்களுக்கு ஒரு வெள்ளி (ரிங்கிட்). கூட்டம் உள்ள இடத்தில் டாக்டர் முன்னால் ஐந்து நிமிடம்தான் கிடைக்கும், உங்கள் வீட்டுக்காரர் அந்த ஐந்து நிமிடமும் 'தலைவலி டாக்டர்' என்றே சொல்லிவிட்டு வந்துவிடுவார். அதனால் நான்கு வரி எழுதி எடுத்துப் போங்கள்: என்ன நடந்தது, எந்தத் தேதியில், வாரத்தில் எத்தனை இரவு அலறுகிறார், எத்தனை மணி நேரம் தூங்குகிறார், எதையெல்லாம் தவிர்க்கிறார், எவ்வளவு குடிக்கிறார், சாகும் பேச்சு வந்ததா. தாளை டாக்டர் கையிலேயே கொடுங்கள். தேவைப்பட்டால் அங்கிருந்து மனநலப் பிரிவுக்குக் கடிதம் தருவார்கள். உங்கள் பகுதியிலிருந்து ஈப்போ பெரிய ஆஸ்பத்திரி, அதாவது ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்கு அனுப்பலாம். நிபுணர் கிளினிக்குக்கு ஐந்து வெள்ளி.

மருந்து கொடுத்தால் அது பெரும்பாலும் செர்ட்ராலின் போன்ற ஒன்றாக இருக்கும். நாளுக்கு 25 அல்லது 50 மில்லிகிராமில் தொடங்கி, தேவைக்கேற்ப 200 வரை டாக்டர் கூட்டுவார். முதல் இரண்டு வாரம் வயிற்றைப் பிரட்டும், சிலருக்குப் படபடப்பு கூடும், பலன் மட்டும் தெரியாது. 'இது சரிப்படல' என்று பலர் கைவிடுவது இந்த இரண்டு வாரத்தில்தான். நான்கு முதல் ஆறு வாரம் ஆனால்தான் தெரியத் தொடங்கும். நன்றாக இருக்கிறதே என்று மூன்றாம் மாதம் சட்டென்று நிறுத்துவது அடுத்த தவறு. தலைசுற்றும், பழையபடி திரும்பவும் கூடும். எப்போது, எப்படிக் குறைப்பது என்பதை டாக்டர் சொல்வார். தூக்க மாத்திரை கேட்டு வாங்காதீர்கள். டயாசிபாம் வகை மாத்திரைகள் பி.டி.எஸ்.டி.க்குப் பரிந்துரைக்கப்படுவதில்லை, குடியோடு சேர்ந்தால் ஆபத்து. குடியும் அப்படித்தான். சீக்கிரம் தூங்க வைக்கும், பின்னிரவில் எழுப்பிவிடும், கனவை மோசமாக்கும். தினமும் நிறையக் குடிப்பவர் ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்பு வரலாம், அதையும் டாக்டரிடம் சொல்லியே குறைக்க வேண்டும்.

மருந்தைவிட ஆழமாக வேலை செய்வது பயிற்சி பெற்றவரோடு செய்யும் பேச்சுச் சிகிச்சை. ஒரு முறையில் வாரம் ஒரு தடவை, 8 முதல் 15 தடவை, ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். இன்னொன்று 12 தடவை. கண்ணசைவைக் கொண்டு செய்யும் இ.எம்.டி.ஆர். என்பதும் உண்டு. இவற்றின் அடிப்படையை நீங்கள் புரிந்துகொண்டால் வீட்டில் எதைச் செய்யக்கூடாது என்று தெரியும். அவர் அந்தப் பக்கத்து மரங்களைத் தவிர்க்கிறார். தவிர்த்த அன்று மனம் லேசாகிறது. லேசானதால், 'தவிர்த்ததால்தான் தப்பித்தோம்' என்று மூளை கணக்கு எழுதிக்கொள்கிறது. அடுத்த வாரம் அந்தப் பாதையே ஆகாது, அதற்கடுத்து தோட்டமே ஆகாது. சிகிச்சையில் இந்தக் கணக்கைத்தான் திருத்துகிறார்கள். பயத்துக்கு 0 முதல் 100 வரை எண் கொடுக்கச் சொல்லி ஏணி கட்டுவார்கள். கம்பின் படத்தைப் பார்ப்பது 30, கம்பி 'கணீர்' என்கிற சத்தம் கேட்பது 45, அந்தப் பாதை முனையில் நிற்பது 60, இப்படி. கீழ்ப்படியில் தொடங்கி, பயம் ஏறி, உச்சிக்குப் போய், தானே இறங்கும் வரை அங்கேயே இருக்க வேண்டும். உச்சியில் இருக்கும்போது ஓடி வந்துவிட்டால் பயம் முன்னைவிடக் கெட்டியாகும். அதனால் கூட்டாளிகள் 'ஆம்பளையா நீ' என்று கையைப் பிடித்து நேரே அந்த மரத்தடிக்கு இழுத்துப்போக விடாதீர்கள். அது 100-ஆம் படி. இன்னொன்று, மின்கம்பிக்கு அடியில் உலோகக் கம்பை நீட்டுவது நிஜமாகவே ஆபத்து. அந்தப் பயத்தை யாரும் போக்க வேண்டியதில்லை.

ராத்திரி அலறினால் உலுக்கி எழுப்பாதீர்கள். கை வீசுவார், அடி உங்களுக்குப் படும், பிறகு அந்த வெட்கத்தில் தனியாகப் படுக்கப் போய்விடுவார். ஒரு கை தூரம் தள்ளி நின்று, விளக்கைப் போட்டு, பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். 'நம்ம வீடு, மணி ரெண்டு, நான்தான்' என்று இடமும் நேரமும் ஆளும் சொல்லுங்கள். கண் திறந்ததும் இரண்டு காலையும் சிமெண்ட்டுத் தரையில் ஊன்ற வையுங்கள். குளிர்ந்த தண்ணீர் ஒரு குவளை. கனவில் என்ன வந்தது என்று அப்போது கேட்க வேண்டாம்.

சாகும் பேச்சு வந்தால் தனியே விடாதீர்கள். களைக்கொல்லி, கயிறு, குலை வெட்டும் சபிட் கத்தி எதையும் வீட்டில் வைக்காமல், அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள். சுங்கை சிப்புட் ஆஸ்பத்திரியிலேயே அவசரப் பிரிவு இருக்கிறது.

கேள்வி: மனநல கிளினிக்குக்குப் போனால் தோட்ட ஆபீசுக்குத் தெரிந்துவிடுமா? எம்.சி. (மருத்துவ விடுப்புச் சீட்டு) செல்லுமா?
*ஃபீல்டு வேலையாள்*

செல்லும். காய்ச்சலுக்கு ஒரு எம்.சி., மனத்துக்கு ஒரு எம்.சி. என்று வேலைச் சட்டத்தில் பிரிவில்லை. இரண்டு வருஷத்துக்குக் குறைவான வேலையாளுக்கு ஆண்டுக்கு 14 நாள், இரண்டிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் 18 நாள், அதற்கு மேல் 22 நாள். ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால் அதற்கு 60 நாள். ஆட்கள் சிக்கிக்கொள்வது வேறிடத்தில். விடுப்பு தொடங்கி 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவிக்காவிட்டால் சொல்லாமல் வராதவர் என்று ஆகிவிடும். மேற்பார்வை பார்க்கும் மண்டோரிடம் வாயால் சொன்னது பிறகு சாட்சிக்கு வராது. எம்.சி. தாளைப் படம் பிடித்து ஆபீசுக்கு அனுப்புங்கள், அனுப்பிய நேரம் போனில் நிற்கும். கம்பெனி நியமித்த பேனல் கிளினிக் இருந்தால் முதலில் அங்கே போய் அங்கிருந்து கடிதம் வாங்கிக்கொள்வது தகராறைக் குறைக்கும்.

டாக்டர் உங்கள் சம்மதமில்லாமல் நோயின் பெயரை ஆபீசுக்குச் சொல்லக் கூடாது. தாளிலும் எழுதாமல் விடச் சொல்லிக் கேட்கலாம். ஊருக்குத் தெரிவது பெரும்பாலும் பஸ் ஸ்டாப்பில் பார்த்தவர் மூலம்தான், அதற்கு எங்களிடமும் மருந்தில்லை.

கேள்வி: 'தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பணும்' என்று எங்கள் வீட்டில் கோபத்துக்கும் சொல்வார்கள், சிரிப்புக்கும் சொல்வார்கள். இதிலெல்லாம் பெரிதாக என்ன இருக்கிறது?
*கல்லூரி மாணவி*

அங்கே இருக்கிற உலு கிந்தா பஹாகியா மனநல மருத்துவமனை 1911-இல் தொடங்கியது. பேராக்கில் மூன்று நான்கு தலைமுறையாக அந்த ஊர்ப்பெயரே வசவாகிவிட்டது. கேட்கிறவர் சிரிப்பார், பெரிதாக ஒன்றும் ஆகாது. ஆனால் உங்கள் வீட்டிலேயே ஒருவருக்கு ஈப்போவுக்குக் கடிதம் கிடைக்கும் நாள் வரும். அன்று அவர் அதை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, 'டாக்டர் ஒண்ணும் இல்லைன்னுட்டார்' என்பார். போகாததற்குக் காரணம் பஸ் காசு இல்லையென்று எல்லோரும் நினைப்பீர்கள்.

கேள்வி: என் தாத்தா சயாம் ரயில் போட்டுத் திரும்பியவர். சாகும் வரை கட்டிலில் படுத்ததில்லை, தலைமாட்டில் ஒரு மூட்டை அரிசி இருக்க வேண்டும், மழைச் சத்தம் கேட்டால் வாசலில் போய் நின்றுகொள்வார் என்று அப்பா சொல்வார். அவருக்கும் இந்த பி.டி.எஸ்.டி. இருந்திருக்குமோ?
*ஓய்வுபெற்ற ஆசிரியர்*

பார்க்காத ஒருவருக்கு நோய்ப் பெயர் வைப்பது முறையில்லை ஐயா. ஆனால் நீங்கள் சொல்கிற மூன்றும் காரணத்தோடு வந்தவை என்று தாராளமாகச் சொல்லலாம். போர்க்காலத்தில் ஜப்பானியர் சயாமுக்கும் (தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையே போட வைத்த 415 கிலோமீட்டர் ரயில் பாதை, 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். நம் தோட்டங்களிலிருந்து லாரியிலும் ரயிலிலும் கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் பல்லாயிரம் பேர். பசி, காலரா, விடாத மழை. பிழைத்து வந்தவர் அரிசி மூட்டையைக் கண்ணெதிரே வைத்திருந்ததில் வியப்பென்ன இருக்கிறது.

அவர் திரும்பியபோது இதற்குப் பெயர் கிடையாது. முதல் உலகப் போரில் 'ஷெல் ஷாக்' என்றார்கள், பி.டி.எஸ்.டி. என்ற பெயர் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் ஏறியது 1980-இல். சயாமிலிருந்து திரும்பியவர்கள் மூச்சு விடுவதற்குள் 1948 ஜூனில் இதே சுங்கை சிப்புட்டில் மூன்று தோட்டத் துரைமார் கம்யூனிஸ்ட் கொரில்லாக்களால் சுட்டுக்கொல்லப்பட்டு, அவசரகாலம் வந்து 1960 வரை நீடித்தது. முள்கம்பி, ஊரடங்கு, அரிசிக்கு ரேஷன். ஒரே ஆள் இரண்டையும் அனுபவித்திருக்கிறார். அவசரகாலத்தில் பிள்ளைகளாக இருந்தவர்கள் இன்னமும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். முதுமையில் வேலை நின்று, துணை போய், ராத்திரி நீளும்போது பழையது மேலே வருவதுண்டு. அந்த வயதில் புதிதாக அலறல் வந்தால் 'வயசாச்சு' என்று விடாமல் கிளினிக்கில் சொல்லுங்கள். மறதி நோயா, மருந்தின் பக்கவிளைவா, பழைய பயமா என்று அவர்கள் பிரித்துப் பார்க்க வேண்டும்.

கேள்வி: விழிப்புணர்வு நாளுக்குப் பிள்ளைகளை 'என் மனக்கவலை' என்று படம் வரையச் சொல்லலாமா?
*தமிழ்ப்பள்ளி ஆசிரியை*

அந்தத் தலைப்பு வேண்டாம் டீச்சர். வரைந்ததைச் சுவரில் ஒட்டுவீர்கள், யாருடைய அப்பா குடித்துவிட்டு அடிக்கிறார் என்பது மதிய இடைவேளைக்குள் தெரிந்துவிடும். 'எனக்கு உதவுகிறவர்கள்' என்று கொடுங்கள். சிறு பிள்ளைகள் பயத்தை வாயால் சொல்வதைவிட நடப்பில் காட்டுவார்கள். விட்டிருந்த படுக்கை நனைப்பு மறுபடி வரும், ஒரே விபத்து விளையாட்டைத் திரும்பத் திரும்ப விளையாடுவார்கள், அம்மாவின் முந்தானையை விடமாட்டார்கள். ஒரு மாதத்துக்கு மேல் இப்படியென்றால் பள்ளியின் கவுன்சலிங் ஆசிரியரிடம் தனியாகச் சொல்லி, பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

கேள்வி: 15555-க்குப் போன் போட்டால் மலாயில்தான் பேசுவார்களாமே. எனக்கு பாசார் மலாய், அதாவது சந்தைப் பேச்சு மலாய்தான் வரும்.
*தோட்டத்து அம்மா*

எடுப்பவர் யாரோ அதைப் பொறுத்தது அம்மா. எடுத்ததும் இதை மட்டும் சொல்லுங்கள்: "போலே சாயா சாக்காப் டாலாம் பஹாசா தமிழ்?" (நான் தமிழில் பேசலாமா?) ஆள் இருந்தால் மாற்றிவிடுவார்கள். இல்லையென்றால் பாசார் மலாயே போதும். 'தாக் போலே தீடோர், தாக்குட்' என்றாலே தூக்கமில்லை, பயமாக இருக்கிறது என்று அவர்களுக்குப் புரிந்துவிடும். மகளையோ பேத்தியையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுவதாக இருந்தால், அந்தப் பிள்ளை கேட்கக்கூடாத விஷயமா என்று முதலில் யோசித்துக்கொள்ளுங்கள். போனில் பேலன்ஸ் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.